வேலிக்கு உள்ளே ஒரு நிருபர்

1979 ஆகஸ்ட் 9, வியாழன்

பேப்பர் வேன் இன்றைக்கும் தாமதம். வெயில் ஏறிய பிறகுதான் கட்டு வந்தது. தேரடி வீதி முழுக்க வசவு வாங்கிக்கொண்டு பேப்பர் போட்டு முடித்தோம்.

மத்தியானம் இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். மங்களாம்பிகை பெண்கள் பள்ளியில் நாளைக்கு வட்டாரப் போட்டி. விவரம் கேட்கப் போனவரை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். புதுத் தலைமையாசிரியை தங்கம்மாளின் உத்தரவு: ஆண் நிருபர் யாரும் வேலிக்கு உள்ளே வரக் கூடாது. இவரும் இன்னொரு பேப்பர் நிருபர் ராமதாசும் விடாமல் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்திருக்கிறார்கள். பி.டி. டீச்சர் ஜோதியம்மாள் விசில் ஊதி விரட்டியிருக்கிறாள்.

"கோர்ட்டுக்குள்ள போறேன், போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள போறேன். இங்க மட்டும் என்னை மாடு வெரட்டற மாதிரி வெரட்டறாங்க கனகா!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கு இன்னும் கோபம். பேப்பரின் வேலூர் ஆபீஸில் இந்த வருஷம் பள்ளிக்கூட விளையாட்டுக்கு என்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். திருவண்ணாமலை செய்தி வராவிட்டால் இவரைத்தான் கேட்பார்கள். 

"அப்போ நான் போயிட்டு வரேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே தெரிந்தது. இவர் கையெழுத்து வேலூரில் யாருக்கும் புரியாது. அதனால் இவர் சொல்லச் சொல்ல எழுதிக் கவரில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவது இத்தனை நாளும் நான்தான். நானே பார்த்து எழுதுவது என்பது வேறு. இவர் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.


1979 ஆகஸ்ட் 10, வெள்ளி

போனேன். தங்கம்மாள் டீச்சர் எனக்கு எட்டாவதில் கணக்கு எடுத்தவர். என்னைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"நீ வரலாம் கனகமாலா. உக்காந்து பாரு. ஆனா எந்தப் பொண்ணு பேரும் கேக்கக் கூடாது. பேரு போடவும் கூடாது. இஸ்கூல் பேரு மட்டும் போடு."

தலையாட்டினேன். டீச்சர் சொன்னால் தலை தானாக ஆடுகிறது, இந்த வயசிலும்!

மைக்கில்கூட நம்பர்தான். "பன்னெண்டாம் நம்பர் இரண்டாமிடம்" என்று ஏலம் போடுகிற மாதிரி. முதுகில் துணியில் நம்பர் குத்திய பெண்கள். எல்லாம் சப்பென்று இருந்தது, நானூறு மீட்டர் வரைக்கும்.

முப்பத்தி நாலாம் நம்பர். கறுத்து ஒல்லியாக ஒரு பெண். செருப்பில்லாத கால். விசில் ஊதியதும் மற்றவர்கள் ஓடினார்கள். இவள் எங்கேயோ போய்விட்டாள். கயிற்றைத் தாண்டியும் நிற்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, இன்னும் பாதி மைதானம் ஓடினாள். ஜோதியம்மாள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடிப் பிடித்து நிறுத்தினாள். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன்.

குழாயடியில் தண்ணீர் குடிக்க வந்தாள். கேட்கக் கூடாதுதான். கேட்டேன். ஓடினவளுக்குப் பேர் இல்லையென்றால் எதற்காக ஓட வேண்டும்? 

ஒரு நொடி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு கடகடவென்று சொன்னாள்: "த. அஞ்சலாட்சி. ஒன்பதாம் வகுப்பு. கீழ்பென்னாத்தூர். அப்பா பேரு தசரதன். இங்க அத்தை வூட்ல தங்கிப் படிக்கறேன்." தண்ணீர் மோவாயில் வழிந்துகொண்டிருந்தது. "பேப்பர்ல வருமாக்கா?"

"வரும்" என்றேன்.

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. பொழுது சாய்ந்தால் எங்கள் சமண வீட்டில் அடுப்பு ஏது? பட்டினி. பசி தெரியவே இல்லை.


1979 ஆகஸ்ட் 11, சனி

வந்துவிட்டது! நான்கு வரி. அவள் பேர், இனிஷியல், வகுப்பு, ஊர், ஒரு எழுத்து விடாமல். இவர் வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். "ஒனக்கு நம்மள விட நல்லா வருது" என்றார். நாள் முழுக்க கால் தரையில் பாவவில்லை.


1979 ஆகஸ்ட் 14, செவ்வாய்

அஞ்சலாட்சிக்கு டீ.சி. கொடுத்துவிட்டார்கள்.

ஜோதியம்மாள் வாரப் பத்திரிகை வாங்க கடைக்கு வந்தாள். சில்லறையைப் பலகையில் வைத்தபடி சொன்னாள். "பேப்பர்ல பேரு வந்துதில்ல, அதுக்குத்தாம்மா. நேத்தே அனுப்பிட்டாங்க." பேருக்காகவா? பேர் வந்ததற்காகவா? நான் திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். அவள் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இதுக்கு மேல எழுத முடியல.


1979 ஆகஸ்ட் 15, புதன்

கொடியேற்றத்துக்குப் போகவில்லை. ஏதோ திருடியவளை அனுப்புகிற மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். ஜெயித்ததற்கு.


1979 ஆகஸ்ட் 16, வியாழன்

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கேட்டில் எனக்கும் தடை. "லேடீஸ் நிருபரும் வேணாம்னு சொல்லிட்டாங்கம்மா" என்று வாட்ச்மேன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினேன்.

கத்துவார் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

"டீச்சர், பேரைப் போட்டது நான். தண்டனையும் எனக்குத்தானே?"

"பிரேயர்ல எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். பேப்பர்காரங்ககிட்ட பேரு சொன்னா டீ.சி.ன்னு. அவளுக்கும் தெரியும்."

தெரியுமா? தெரிந்துமா சொன்னாள்? குழாயடியில் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். முன்பு வேலை பார்த்த ஊரில் குண்டு எறிவதில் ஜெயித்த ஒரு பெண். பேப்பரில் பேரும் பள்ளிக்கூடமும் வந்தது. அதைப் பார்த்து எங்கெங்கேயோ இருக்கிற எவன் எவனோ அந்தப் பேருக்குப் பள்ளிக்கூட விலாசத்திலேயே கடுதாசி போட்டிருக்கிறான். ஒன்று அண்ணன்காரன் கையில் சிக்கியது. யார் என்றே அவளுக்குத் தெரியாது. யார் நம்பினார்கள்? அந்த மாதமே கல்யாணம். மாப்பிள்ளைக்கு அவள் வயசில் ஒரு மகள். ஆடி மாதம் கிணற்றில் இருந்து எடுத்தார்கள்.

"நான் போய்ப் பாத்தேன் கனகமாலா. கை எவ்ளோ பெருசா இருந்துது தெரியுமா, அந்தப் பொண்ணுக்கு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். 

"அஞ்சலாட்சி பேருக்கும் வந்தாச்சு. சேலத்துலேர்ந்து ஒண்ணு, மெட்ராஸ்லேர்ந்து ஒண்ணு. கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். என் பள்ளிக்கூடத்துல இன்னொண்ணு நடக்கக் கூடாது. அவ்ளோதான்."

நான் எழுதிய நான்கு வரிக்கா? யாருடா நீங்க எல்லாம்? ஒரு புள்ள ஓடி ஜெயிச்சதைப் படிச்சுட்டு ஒக்காந்து கடுதாசி எழுத எப்படிடா மனசு வருது?

ஆனாலும் கேட்டேன், அதற்காக ஓடுகிறவளை ஏன் அனுப்ப வேண்டும் என்று. டீச்சர் எழுந்தார். தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நானே கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.


1979 ஆகஸ்ட் 19, ஞாயிறு

கீழ்பென்னாத்தூர் போய் வந்தோம். இவரும் வந்தார். பஸ்ஸில் வழி முழுக்க நான் தயார் செய்துகொண்டே போனேன்: தசரதன் திட்டினால் என்ன சொல்வது, அடிக்க வந்தால் என்ன செய்வது.

களத்தில் மல்லாட்டைச் செடியைக் குவித்துக் கடலையை உதறிக்கொண்டிருந்தார்கள். நான் யார் என்று இவர் சொன்னதுமே தசரதன் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார்.

"நீங்கதானாம்மா பேரு போட்டவங்க? வாங்க, குந்துங்க. டேய் எவன்டா அங்க, ஓடிப்போய் எளநீ வெட்டியா!"

வீட்டுக்குள் கூட்டிப் போய்க் காட்டினார். மண் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், கஞ்சிப் பசை போட்டு ஒட்டிய என் நான்கு வரி. தலைகீழாக. மனுஷனுக்கு எழுத்து தெரியாது. டீக்கடையில் யாரோ படித்துச் சொல்லிக் கேட்டு பேப்பரைக் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார்.

"அப்பா ஒட்டனது. பிரிச்சா கிழிஞ்சிடும்னு வுட்டுட்டேன்" என்று மெல்லிய குரல். அஞ்சலாட்சி. வாசற்படியில் நின்றிருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இவ்ளோ நல்லது நடந்துது, அதுக்குள்ள இஸ்கூல வுட்டு அனுப்பிட்டாங்க" என்றார் தசரதன். "கண்ணு பட்டுடுச்சும்மா. நான்தான் டீக்கடைல போயி எல்லார்கிட்டயும் காட்டனேன். ஊர் கண்ணு ஜாஸ்தி." 

நான் அஞ்சலாட்சியைப் பார்த்தேன். அவள் இல்லை என்பது போல் மெதுவாகத் தலையை அசைத்தாள். அவருக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை.

கிளம்பும்போது வரப்பில் பின்னாலேயே வந்தாள். "பேரு வந்ததாலதான்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்கக்கா. ஒடஞ்சிடுவாரு."

"ஏன்டி சொன்ன? ரூல் தெரிஞ்சும் ஏன் சொன்ன?"

"நீங்க கேட்டீங்க. யாருமே கேட்டதில்ல. வாயில வந்துடுச்சு."

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் இவர் சொன்னார். கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியிலேயே அவளைச் சேர்க்கலாம் என்றுதான் தசரதனிடம் இவர் பேசியிருக்கிறார். அறுப்பு முடியட்டும் என்றாராம். அறுப்பு முடிந்து இன்னொரு வேலை வரும். அப்புறம் மாப்பிள்ளை வருவான். நவம்பரில் மாவட்டப் போட்டி. அதற்குள் அவள் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தின் பிள்ளையாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஓட்டம் இதோடு சரி.


1979 ஆகஸ்ட் 26, ஞாயிறு

கடையில் நிருபர்கள் கூட்டம். பெண் நிருபரையும் தடுத்துவிட்டார்கள் என்றதும் ராமதாசுக்கு ரத்தம் கொதித்துவிட்டதாம். பத்திரிகைச் சுதந்திரம் என்றார், சர்வாதிகாரம் என்றார், பள்ளி விளையாட்டுச் செய்திகளைப் புறக்கணிப்போம் என்றார். மாவட்டக் கல்வி அதிகாரி டி.இ.ஓ.வுக்கு மனு. எழுதியது நான்தான், கையெழுத்து நன்றாக இருக்கிறதே!

கோரிக்கை மூன்று. நிருபர்களுக்குத் தடையற்ற அனுமதி. முடிவுகளைப் பெயரோடு எழுத்தில் தர வேண்டும். மூன்றாவது, நிழலில் நாற்காலியும் டீயும். டீயை நான் விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை!

"டீ.சி. வாங்கின பொண்ணைப் பத்தி எழுதலாமா?" என்று கேட்டேன்.

"அது ஸ்கூல் உள் விவகாரம்மா. அதைச் சேத்தா மனு வீக் ஆயிடும்" என்றார் ராமதாஸ். 

இவரும் மனுவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.


1979 செப்டம்பர் 13, வியாழன்

நான்காவது தடவையாகக் கீழ்பென்னாத்தூர். தசரதன் சம்மதித்தார். அந்தப் பள்ளியின் பி.டி. வாத்தியார் பலராமன் களத்துக்கே வந்து அவள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா வெச்சிருந்தீங்க இவ்ளோ நாளு?" என்றார். நாளைக்குச் சேர்க்கிறார்கள். பஸ்ஸில் அழுதுவிட்டேன்.


1979 அக்டோபர் 8, திங்கள்

மனு ஜெயித்துவிட்டது. இனி எந்தப் பள்ளி மைதானத்துக்குள்ளும் நிருபர்கள் போகலாம். முடிவுகளைப் பெயரோடு தர வேண்டும். ஆளுக்கு ஒரு சிவப்பு ரிப்பன் பேட்ஜ். எனக்கும் ஒன்று. ராமதாஸ் லட்டு வாங்கி வந்தார். டீ விஷயம் பரிசீலனையில் இருக்கிறதாம்.


1979 நவம்பர் 16, வெள்ளி

மாட்டுச் சந்தைக்கு மைதானத்தை விட வேண்டும் என்பதால் தீபத்துக்கு முன்னாலேயே போட்டியை வைத்துவிட்டார்கள். காலையில் தூறல். சேறு. ரிப்பனைச் சேலையில் குத்திக்கொண்டு, யாரும் தடுக்காமல், கோட்டுக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன்.

இப்போது அவள் நம்பர் ஏழு. மங்களாம்பிகைப் பெண் ஒருத்தி நன்றாகத்தான் ஓடினாள், கடைசி வளைவு வரைக்கும் இவளோடு ஒட்டிக்கொண்டே வந்தாள். பிறகு பழைய கதைதான். இவள் எங்கேயோ போய்விட்டாள். இந்தத் தடவை கயிறு எங்கே என்று தெரிந்திருந்தது. பலராமன் வாத்தியார் சேற்றில் குதித்தார். தங்கம்மாள் டீச்சர் கூடாரத்தில் எழுந்து நின்றார். கை தட்டவில்லை. உட்காரவும் இல்லை.

நான் ஓடினேன், நோட்டும் பேனாவுமாக. "அஞ்சலாட்சி! இந்தத் தடவ பத்து வரி எழுதறேன் பாரு. யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. ஆர்டர் இருக்குது!"

மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என் பேட்ஜைப் பார்த்தாள்.

"என் பேரு வேணாங்க்கா."

எனக்குக் கேட்டது சரிதானா என்று தெரியவில்லை. நோட்டு கையிலேயே இருந்தது.

"ஏன்டி?"

"ஒரு இஸ்கூல் போச்சு. இதுவும் போயிட்டா எங்கப்பா அறுப்புக்கு இழுத்துக்குவாரு. அப்புறம் கல்யாணம்தான். இந்த இஸ்கூலுக்கும் கடுதாசி வந்தா? நான் ஓடணும்க்கா. பேரு போடாதீங்க, ஓடிக்கிட்டு இருப்பேன்."

கடுதாசி விஷயம் இவளுக்கு யார் சொன்னது? கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கடைசியில் தெரிந்திருக்கிறது.

பலராமன் வாத்தியாரையும் மற்ற நிருபர்களையும் ஒவ்வொருவராகக் கெஞ்சினேன், பேரை விட்டுவிடுங்கள் என்று. ராமதாஸ் என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "மனு போட்டதே பேருக்குத்தானேம்மா?" கடைசியில் சரி என்றார். 

செய்தியைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். தடுக்க இப்போது யாரும் இல்லை. வேலியே இல்லை. உள்ளே போய் நான் எழுதிக்கொண்டு வந்தது அவள் பேர் இல்லாத செய்திதான்.


1979 நவம்பர் 17, சனி

பேப்பர் கட்டைப் பிரிக்கும்போதே தசரதன் வந்து நின்றார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி.

"மூணு பேப்பர் குடுங்கம்மா. பொண்ணு ஜெயிச்சிடுச்சு!"

செய்தி வந்திருந்தது. 'பெண்கள் நானூறு மீட்டர் ஓட்டம்: முதலிடம், கீழ்பென்னாத்தூர் பள்ளி மாணவி.' அதற்குக் கீழே இரண்டாமிடம், மூன்றாமிடம் வந்தவர்களின் பேர்கள், இனிஷியலோடு, முழுசாக. இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வரும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

"எங்க இருக்குது அவ பேரு? ஒரு கோடு போட்டுக் குடுத்துடுங்கம்மா. எனக்குத் தெரியாது பாருங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். சத்தியமாக. ஆனால் எப்படிச் சொல்வது, அவளே சொல்லாததை? 'மாணவி' என்ற வார்த்தைக்கு அடியில் கோடு போட்டேன். மூன்று பேப்பரிலும்.

தசரதன் அதன் மேல் விரலை வைத்துத் தடவினார். "சின்னதா இருக்குதே. போன வாட்டி நீளமா இருந்தாப்ல இருந்துது."

"பேப்பர்ல எடம் கம்மி" என்றேன்.

"அதுக்கென்னம்மா, வந்துதே போதும்." மூன்றையும் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் பகீரென்றது. "டீக்கடைல காட்டப் போறீங்களா?"

"ஐயோ, அங்க காட்டித்தானேம்மா அப்பவே கண்ணு பட்டுச்சு. யார்கிட்டயும் காட்ட மாட்டேன். நேரா வூட்டுக்குத்தான். அவளையே படிக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்."

பஸ் ஏறிப் போய்விட்டார். அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.